கசாயத்தை மறைக்க வைத்தது யார்?

அம்பாறை மாவட்டத்தில், வீரமுனை, சம்மாந்துறை தொடங்கி காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வரை, சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீடு அரிது. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் மருந்து இரண்டு இடத்திலிருந்து வருகிறது. அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் கொடுத்த ஒரு மாதத்துக் குளிசைப் பொதி ஒருபக்கம். பரிசாரியாரிடம் வாங்கிய கசாயம், உறவினர் சொன்ன கருஞ்சீரக எண்ணெய், முகநூல் விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைத்த பெயரில்லாத தூள் மறுபக்கம். கிளினிக்கில், ‘வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?’ என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. எப்போதாவது கேட்கப்பட்டால், ‘ஒண்டும் இல்ல டொக்டர்’ என்ற பதில் தயாராக இருக்கிறது.

அந்தப் பதில் பொய் என்பது நோயாளிக்குத் தெரியும். பல வேளைகளில் வைத்தியருக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து காக்கும் இந்த மௌனத்தை இதுவரை ஒரு சமூகப் பழக்கமாகவே பார்த்து வந்தோம். அது பொதுச் சுகாதாரத்தின் மீது இழைக்கப்படும் தவறு, அதற்குப் பொறுப்பாளிகளும் உண்டு என்பது எமது நிலைப்பாடு.

இது ஊகம் அல்ல. இலங்கையில் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர் 252 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், நான்கில் மூன்று பங்கினர் ஆங்கில மருந்தோடு மூலிகையும் எடுப்பவர்களாக இருந்தனர். கோவை இலை, பாகல் போன்றவையே அவர்கள் அதிகம் நம்பியவை. நான்கில் மூன்று பேர் செய்வதை விதிவிலக்கு என்று எந்த வைத்தியசாலையும் ஒதுக்கிவிட முடியாது. அதுதான் இந்த நாட்டின் வழக்கமான சிகிச்சை முறை. ஆனால் அதற்கென்று ஒரு வழிகாட்டல், ஒரு பதிவு, ஒரு கேள்வி கூட இல்லை.

மூலிகை வேலை செய்வதில்லை என்பது எமது வாதம் அல்ல. அது வேலை செய்கிறது என்பதிலிருந்துதான் எமது கவலை பிறக்கிறது. சிங்களத்தில் கோதல ஹிம்புட்டு என்று அழைக்கப்படும் கொடியை எடுத்துக்கொள்வோம். அதன் தண்டுக் கட்டையில் செய்த கோப்பைகள் சுற்றுலாக் கடைகளில் கூட விற்கப்படுகின்றன. அதிலிருந்து தயாரித்த பானம் நீரிழிவு நோயாளரின் மூன்று மாதச் சீனி அளவைக் குறைத்தது என்று இலங்கை ஆய்வாளர்கள் முறையான ஒப்பீட்டு ஆய்வொன்றின் மூலம் 2005இல் காட்டினர். பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்பு. அதே பானத்தைக் கிளிக்கிளசைட் குளிசையோடு சேர்த்து, சாப்பாடு பிந்திய ஒரு மத்தியானத்தில் ஒரு முதியவர் குடித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் விடை அந்தக் கண்டுபிடிப்பிலேயே இருக்கிறது. பாகற்காய்க் கறியும் குளோர்புரோப்பமைட் என்ற நீரிழிவுக் குளிசையும் ஒன்றையொன்று பாதித்த சம்பவத்தை 1979இலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழ் பதிவு செய்துவிட்டது. ‘நோயைக் குணமாக்கும்’ என்று ஒரு வாயாலும், ‘எந்தப் பக்கவிளைவும் இல்லை’ என்று மறுவாயாலும் விற்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். உடலில் வேலை செய்யும் ஆற்றல் உள்ள பொருளுக்கு, மற்றொரு மருந்தின் வேலையைக் குழப்பும் ஆற்றலும் இருந்தே தீரும்.

எங்கள் அடுப்படி மிளகே இதற்குச் சாட்சி. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், சில மருந்துகளை ஈரல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கிறது. இந்தியாவில் 2009இல் அறிமுகமான ரிசொரின் என்ற காசநோய் மருந்து இதைப் பயன்படுத்தியே உருவாக்கப்பட்டது. 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால், வழமையாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது. ஆய்வுகூடத்தில் அளந்து செய்தபோது அது விஞ்ஞானத்தின் வெற்றி. வலிப்புக்கு ஃபெனிட்டோயின் எடுக்கும் ஒருவர் சளிக்கு என்று திரிகடுகுச் சூரணத்தைத் தேக்கரண்டிக் கணக்கில் நாள்தோறும் விழுங்கும்போது, அந்த 10 மில்லிகிராமைப் போலப் பல மடங்கு பைப்பரின் அளக்க ஆளில்லாமல் உள்ளே போகிறது. ஃபெனிட்டோயினின் இரத்த அளவைப் பைப்பரின் உயர்த்தும் என்பதும் ஆய்வுகளில் கண்டதே. நாளாந்தச் சமையலின் மிளகு வேறு கணக்கு. அது எப்போதும் இருப்பது, மருந்தின் அளவும் அதன் நடுவேதான் தீர்மானிக்கப்படுகிறது. திடீரெனத் தொடங்கித் திடீரென நிறுத்தப்படும் சூரணமே கணக்கைக் குழப்புகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேதப் பாணியை ஃபெனிட்டோயினோடு எடுத்த இருவருக்கு அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வந்ததை இந்திய மருத்துவர்கள் 1992இல் எழுதினர். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு மக்கள் தாமாகவே வாங்கிக் குடிக்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவரின் உடலில், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்குளோஸ்போரின் மருந்தைக் கழுவி வெளியேற்றியது. பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி அது. சீன வைத்தியத்தில் இருதயத்துக்கு உகந்ததாகக் கொண்டாடப்படும் டான்ஷென் வேர், வோர்ஃபரின் எடுப்போரின் இரத்தத்தை அளவுக்கு மீறி ஐதாக்கியதை ஹொங்கொங் மருத்துவர்கள் 1990களில் திரும்பத் திரும்பக் கண்டனர். சீன மருந்திலும் சித்தத்திலும் யூனானியிலும் பொதுவாக இடம்பெறும் அதிமதுரம், நீண்ட நாள் எடுத்தால் உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் போக்கும் ஃபுருசமைட்டும் அதையே செய்யும். கூடவே டிகொக்சினும் எடுக்கும் இருதய நோயாளிக்கு இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், இருமலுக்குக் குடித்த அதிமதுரமே இதயத் துடிப்பைத் தடம் புரளச் செய்யலாம்.

இவையெல்லாம் உண்மையான மூலிகை தரும் ஆபத்துகள். மூலிகை என்ற பெயரில் வேறொன்று தரப்படும்போது நடப்பது இதைவிடக் கொடியது. சிங்கப்பூரில் 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்த நிலையில் ஐந்து அரச வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் நால்வர் இறந்தனர். ஆண்மையைப் பெருக்கும் மூலிகை என்று கள்ளமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து பெருமளவில் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. இந்த மாத்திரைகளை எடுத்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 45 பேர் மட்டுமே. மற்றவர்களில் மயக்கம் தெளிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. வெட்கமும் பயமும் உள்ள இடத்தில் உண்மை எவ்வளவு தாமதமாக வைத்தியரை அடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மருந்துக் கட்டுப்பாட்டில் பெயர்பெற்ற சிங்கப்பூருக்கே இந்தக் கதி என்றால், பெயர் முகவரி இல்லாத பொட்டலங்கள் பஸ் நிலையத்தில் கைமாறும் எமது ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

புரூசெல்ஸ் நகரின் உடல் மெலிவிப்பு நிலையம் ஒன்றில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது, இந்த இரு ஆபத்துகளும் ஒன்றுசேர்ந்த கதை. பசியடக்கும் ஆங்கில மருந்துகளையும் சீன மூலிகைத் தூளையும் ஒரே சிகிச்சையாக மருத்துவர்களே எழுதிக் கொடுத்தனர். ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, ஒலியில் ஒத்த பெயருடைய அரிஸ்டொலோக்கியா இனத் தாவரம் உள்ளே வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. பழுதான சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டு ஏட்டு வழக்கு கொண்ட சீன வைத்தியத்தின் தொன்மை அந்தப் பெண்களைக் காக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தத் தாவர இனத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்தியுள்ளது. எங்கள் வைத்தியர்கள் ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை என்று அழைப்பவையும், சிங்கள வைத்தியத்தின் சப்சந்தவும் இதே இனத்தைச் சேர்ந்தவை. அம்பாறை மாவட்டத்தின் மேற்கே, தெஹியத்தகண்டி பக்கத்தில், காரணம் தெரியாத சிறுநீரக நோயால் குடும்பங்கள் ஏற்கனவே அல்லற்படுகின்றன. அந்த நோய்க்கு இந்த மூலிகைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பழுதடைந்த சிறுநீரகங்கள் பரவியுள்ள ஒரு மாவட்டத்தில் இத்தகைய வேர் கேள்வியின்றி விற்கப்படலாகாது என்றே சொல்கிறோம்.

இனி, யாரைக் குறை கூறுவது? நோயாளியைக் குறை கூறுவது எளிது. அதனாலேயே எல்லோரும் அதைச் செய்கிறார்கள். கிளினிக்கில் பரிசாரியாரின் பெயரைச் சொன்ன ஒரு தாய்க்கு, ‘அப்ப அவரிட்டயே போங்க’ என்று நாலு பேர் முன்னிலையில் பதில் கிடைத்தால், அடுத்த மாதம் அவர் உண்மை சொல்வாரா? ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காத நெரிசலில் வேலை செய்யும் வைத்தியரின் களைப்பை நாம் அறிவோம். களைப்பு ஏளனத்துக்கு அனுமதிப் பத்திரம் ஆகாது. உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் கிளினிக், பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. நோயாளி மறைத்த கசாயத்துக்கான பொறுப்பில் முதல் பங்கை நாம் அங்கேயே வைக்கிறோம்.

மறுபக்கத்துக்கும் இதே கடுமையோடு சொல்ல வேண்டியது உண்டு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி, ஆயுர்வேத, பாரம்பரிய வைத்தியர்களுக்குப் பதிவும் அந்தஸ்தும் கொடுத்தது. அந்தஸ்து கடமையையும் கூட்டி வந்தது. ‘இங்கிலீஷ் மருந்தை நிப்பாட்டினாத்தான் என் மருந்து பிடிக்கும்’ என்று இன்சுலினையோ வோர்ஃபரினையோ நிறுத்தச் சொல்பவர், எத்தனை தலைமுறைப் பரம்பரை உடையவராயினும், நோயாளியின் உயிரோடு சூதாடுகிறார். கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்க்காமல் கசாயம் எழுதுபவரும் அவரோடு சேர்த்தே எண்ணப்பட வேண்டியவர். பஸ்பமும் செந்தூரமும் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது பாரம்பரியத்தின் வாதம். அப்படியானால் சுத்தி முறைப்படி நடந்ததா என்பதை ஆய்வுகூடத்தில் காட்ட வேண்டிய கடமையும் பாரம்பரியத்துக்கே உரியது. கசாயத்தைக் காய்ச்சி, நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, நோயாளியின் முகத்துக்கு நேரே நின்று கொடுக்கும் பரிசாரியாரை, முகமே காட்டாமல் தூள் அனுப்பும் வியாபாரியோடு நாம் ஒன்றாக எண்ணவில்லை. அந்த வியாபாரி வைத்தியனே அல்லன். அவனுக்குச் சட்டத்தின் பதில் வழக்கும் சிறையுமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அரசு இருக்கிறது. ஆங்கில மருந்துகளை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை பார்க்கிறது. சுதேச மருந்துகளை ஆயுர்வேதத் திணைக்களம் பார்க்கிறது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகும்போது என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் கொரோனாவுக்கென்று தந்த பாணியை அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாகக் குடித்தார். அதைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் நோய்த்தொற்றுக் காலத்தில் முண்டியடித்துத் திரண்டனர். 2021 ஜனவரியில் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. ஆய்வுக்கு முன்பே ஆதரவு கொடுக்கும் அமைச்சர் ஒருவர், நாட்டின் ஒவ்வொரு தூள் வியாபாரிக்கும் விளம்பரத் தூதுவராகிவிடுகிறார். அது அந்த ஆட்சியின் மிகச் சிறிய பிழை அல்ல.

ஆங்கில மருந்தின் பக்கமும் கை சுத்தமில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளே தட்டுப்பாடாயின. வெளியில் வாங்க வழியில்லாத நோயாளி மூலிகைக் கடைக்குப் போனதை மூடநம்பிக்கை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டதை மக்கள் மறக்கவில்லை. அரச மருந்தின் மீதான நம்பிக்கையை அரசே குலைத்துவிட்டு, மக்கள் ஏன் இரண்டு மருந்தையும் சேர்த்துக் குடிக்கிறார்கள் என்று அறிவுரை கூறுவது பொருந்தாது.

கருஞ்சீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்பிரதேசத்தின் பெரும்பான்மையினர் அதை வெறும் மளிகைப் பொருளாகப் பார்ப்பதில்லை. அது நபிவழியின் நினைவோடு சேர்ந்தது. அந்த மதிப்பைத் தொடுவது எமது நோக்கமல்ல. நோய்க்கு மருந்து தேடுமாறும் அதே வழிமுறைதான் கற்பிக்கிறது என்பதை உலமாக்கள் நன்கறிவர். கருஞ்சீரகம் இரத்தச் சீனியையும் அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கக்கூடியது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே அதை எடுப்பவர் தன் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது ஈமானுக்குக் குறைவல்ல, உடல் என்ற அமானிதத்தைப் பேணுவதாகும். இதை ஒரு டொக்டர் சொல்வதைவிட, ஜும்ஆ மிம்பரிலிருந்து ஒருமுறை சொன்னால் போதும். வீரமுனையிலும் காரைதீவிலும் கோயில் திருவிழாவுக்கு அமைக்கும் ஒலிபெருக்கியும் அதே வேலையைச் செய்யலாம். மருந்து வாங்குவதில் இவ்விரு சமூகங்களும் ஒருபோதும் பிரிந்து நின்றதில்லை. தமிழர் ஹக்கீமிடமும் முஸ்லிம்கள் பரிசாரியாரிடமும் போவது இங்கே பழைய வழக்கம்.

நோன்பு மாதம் இதில் மிக நெருக்கமான ஆபத்து. சஹருக்குப் பிறகு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாரமில்லாத உடலில், முதல்நாள் எடுத்த குளிசையும் பாகற் சாறும் ஒன்றாக வேலை செய்யும்போது சீனி எந்த அளவுக்கு இறங்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. றமழானுக்கு ஆறு வாரம் முன்பே குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தரும் சிறப்புக் கிளினிக் ஒன்றை கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகள் நடத்த வேண்டும். மூலிகை பற்றிய கேள்வி அங்கே முதலாவதாக இருக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் திகதி கொடுக்கும் மேசையிலும் அதே கேள்வி கேட்கப்பட வேண்டும். இரத்தத்தை ஐதாக்கும் சூரணத்தைப் பற்றி மயக்க மருந்து வைத்தியர் அறியாமல் இருப்பது மன்னிக்கக்கூடியது அல்ல.

இவற்றுக்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. நிந்தவூரில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. நிந்தவூர் வைத்தியரும் கல்முனை வைத்தியரும் ஒரே நோயாளியின் ஒரே கொப்பியில் எழுதினால், மௌனத்தின் பாதி கலைந்துவிடும். கொப்பியின் முதல் பக்கத்தில் ‘நாட்டு மருந்து’ என்று ஒரு வரி ஒதுக்கி, திட்டாமல் கேட்டு நிரப்பும்படி தாதியரைப் பணிக்கலாம். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போத்தலிலும் சேர்மானங்கள் தமிழில் எழுதப்படாவிட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைக் கடையிலிருந்து அகற்ற அதிகாரம் பெற வேண்டும். ஏதேனும் தீங்கு நேர்ந்தால் அறிவிப்பதற்கு அதிகார சபைக்கும் திணைக்களத்துக்கும் பொதுவான ஒரே படிவம் வேண்டும்.

இந்தக் கூற்றுகளைப் படித்து இன்றிரவே கசாயத்தையோ குளிசையையோ தாமாக நிறுத்திவிட எவரும் முயல வேண்டாம். நீண்ட நாள் எடுத்த மூலிகையைச் சட்டென்று விடுவதும் மருந்தின் அளவை மாற்றிவிடும். போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் போதும். வைத்தியர் முகம் சுளித்தால் அது அவருடைய பிரச்சினை.

பதின்மூன்றாவது திருத்தத்தின்படி சுதேச மருத்துவமும் வைத்தியசாலைகளின் பெரும்பகுதியும் மாகாணத்தின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தபின் தேர்தலே நடக்கவில்லை. அதனால் கேள்வி கேட்கும் உறுப்பினரும் இல்லை, பதில் சொல்லும் அமைச்சரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் அதிகாரம் முழுவதும் ஆளுநரிடமும் சுகாதார, சுதேச மருத்துவ அமைச்சின் செயலாளரிடமும் இருக்கிறது. கொப்பியில் ஒரு வரி சேர்க்கும் சுற்றுநிருபம் வெளிவராமல் போனால், அது எந்த மேசையில் தங்கியது என்பதை நாம் பெயர் குறிப்பிட்டே எழுதுவோம்.